கவரில் கட்டிய குப்பை: 112 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் நடந்தது

பின்னணி

தென்சென்னையில் நான்கு பிளாக்குகளாக 112 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. பாதிக்கு மேல் சொந்த வீட்டுக்காரர்கள், மீதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். ஓய்வு பெற்றவர்களும் உண்டு, ஐ.டி. வேலைக்குப் போகும் தம்பதிகளும் உண்டு, நான்கைந்து பையன்கள் சேர்ந்து தங்கியிருக்கும் வீடுகளும் உண்டு. அசோசியேஷன் கமிட்டி கேட்டுக்கொண்டதால் உதவிக்குப் போன தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அங்கே வசிப்பவன் இல்லை.

ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெரிய டிரம் இருந்தது. வீட்டுக் குப்பை எல்லாம் அதில் விழும். ஹவுஸ்கீப்பிங் பெண்கள் காலையில் அதைக் கீழே இறக்கி காம்பவுண்டு ஓரத்தில் சேர்ப்பார்கள். அசோசியேஷன் அமர்த்தியிருந்த தனியார் ஒப்பந்தக்காரரின் வண்டி வந்து எடுத்துப் போகும். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். புகை அடங்கியதும் பேச்சும் அடங்கிவிட்டது.

2023 ஜனவரியில் கமிட்டி இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் சட்டம். அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்கள் பெருமளவு கழிவு உருவாக்குவோர் பட்டியலில் வந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ வேறு விதமாகப் பயன்படுத்தவோ வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. வாசலில் ஒரு எடை மேடை வைத்து ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 130 கிலோ வந்தது. தப்பிக்க வழியில்லை.

முதல் முயற்சி

பிப்ரவரியில் வழக்கமான வேலைகளைச் செய்தார்கள். மாடிக்கு மாடி பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தொட்டிகள் வைத்தார்கள். லிஃப்டில் போஸ்டர் ஒட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பக்க பி.டி.எஃப். போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று தொட்டியிலும் ஒரே குப்பை. குழுவில் வழக்கமான சண்டையும் தொடங்கிவிட்டது. வாடகைக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று சொந்த வீட்டுக்காரர்கள், எந்த மாடி என்று போட்டோ போடுங்கள் என்று வாடகைக்காரர்கள். ஒருவர் மட்டும் விஷயத்துக்கு வந்தார். வண்டிக்காரர் எல்லாத் தொட்டியையும் ஒன்றாகத்தானே கவிழ்க்கிறார், நான் எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டார். மாடியிலிருந்து எடுத்த வீடியோவையும் போட்டார். அது உண்மைதான். குப்பை பிரிக்கச் சொல்லும் எந்த ஊரிலும் இந்தக் கேள்வி வரும். இதற்கு நேரான பதில் இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

பைகளைப் பிரித்துப் பார்த்தபோது

மார்ச்சில் நாங்கள் போனதும் கேட்டது ஒரே ஒரு விஷயம்: ஒரு நாள் குப்பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். கார் பார்க்கிங்கில் தார்ப்பாய் விரித்து, கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு இரண்டு மாடிகளின் குப்பையைக் கொட்டினோம். எந்த வீட்டுப் பை என்று குறிக்கக் கூடாது என்று முன்பே பேசிவைத்தோம். குறித்திருந்தால் அன்று மாலையே அது பஞ்சாயத்தாக மாறியிருக்கும்.

பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, தவறுகள் கண்டபடி இல்லை. திரும்பத் திரும்ப அதே சில பொருட்களில்தான் குழப்பம். காபிக் கடை பேப்பர் கப்பைக் காகிதம் என்று நினைத்துப் போட்டிருந்தார்கள். அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பழைய பேப்பர்காரர் வாங்க மாட்டார், மக்கவும் மக்காது. சாம்பார் ஒட்டிய பார்சல் டப்பா மக்காத குப்பையில் கிடந்தது. அதன் கூடவே கிடந்த நாலு கிலோ நல்ல செய்தித்தாளையும் எண்ணெயாக்கிக் கெடுத்திருந்தது. தேங்காய்ச் சிரட்டை இரண்டு பக்கமும் இருந்தது. மாத்திரைப் பட்டை, தலைமுடி, வீடு பெருக்கிய தூசி ஆகிய மூன்றும் எதில் போவது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் இருந்தன. பால் கவர் கழுவாமல் வந்து புளித்த வாடை அடித்தது. கூடவே, பால் கவரின் மூலையை வெட்டும்போது விழும் முக்கோணத் துணுக்கு. சமையலறைக் குப்பையில் அது ஏராளமாகக் கிடந்தது. பொறுக்கி எடுக்க முடியாத அளவுக்குச் சிறியது, ஆனால் உரத்தில் அப்படியே நிற்கும்.

இரண்டாவது விஷயத்தை எங்களுக்குக் காட்டியவர் அங்கே வேலை செய்யும் ஹவுஸ்கீப்பிங் அம்மா. நாங்கள் பச்சைத் தொட்டிப் பைகளைத் திறந்து காய்கறித் தோல், சாதம், டீத்தூள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“பிரிச்சுதான் சார் போடுறாங்க பாதிப் பேரு. ஆனா கவர்ல கட்டித்தானே போடுறாங்க. அந்தக் கவரை யாரு கிழிக்கிறது?”

எண்ணிப் பார்த்தோம். பச்சைத் தொட்டியில் இருந்த பைகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருந்தது சரியான மக்கும் குப்பைதான். ஒவ்வொன்றும் இரண்டு முடிச்சு போட்ட பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. தினமும் நூறு கவரை ஒருவர் கையால் கிழித்து உதறினால்தான் அது உரத்தொட்டிக்குப் போக முடியும். அந்த அம்மா ஒருமுறை முயன்றிருக்கிறார். உள்ளே இருந்த இன்சுலின் ஊசி விரலில் ஏறியிருக்கிறது. அதன்பிறகு யாரும் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கவரில் கட்டுவது யார் என்று விசாரித்தோம். பெரும்பாலான வீடுகளில் குப்பையை வெளியே கொண்டுவருவது வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். பதினோரு மணி வாக்கில் வேலை முடித்துக் கிளம்பும்போது கவரை முடிச்சுப் போட்டு மாடித் தொட்டியில் போட்டுவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். அவர்களில் யாரும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் அவர்களைக் கூப்பிடவில்லை. போஸ்டர் ஆங்கிலத்தில் இருந்தது. குப்பையைத் தொடாதவர்களிடம்தான் இரண்டு மாதமாகக் குப்பையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் முடிவு, மாடியில் இருந்த பொதுத் தொட்டிகளை எடுத்துவிடுவது. பொதுத் தொட்டியில் விழும் குப்பைக்கு முகம் கிடையாது, அதனால் யாருக்கும் பொறுப்பும் கிடையாது. அதற்குப் பதில் தினமும் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை வீட்டு வாசலில் மக்கும் குப்பையை வாங்குவது. மக்காத குப்பை புதன், சனி மட்டும். சானிட்டரி நாப்கினும் டயபரும் செய்தித்தாளில் தனியாகச் சுற்றி, சிவப்பு ஸ்கெட்ச்சால் ஒரு வட்டம் போட்டுத் தினமும். ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் மூடி போட்ட வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம்.

இரண்டாவது முடிவுக்குத்தான் எதிர்ப்பு அதிகம்: மக்கும் குப்பைக்குக் கவரே கிடையாது. வாளியோடு கொண்டுவந்து கவிழ்க்க வேண்டும். நாறும், கரப்பான் வரும், தினம் வாளியை யார் கழுவுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வாளியின் அடியில் ஒரு செய்தித்தாள் விரித்துக்கொள்ளலாம், அதுவும் குப்பையோடு சேர்ந்து மக்கிவிடும் என்று சொன்னோம். ஒவ்வொரு பிளாக்கின் தரைத்தளத்திலும் வாளி கழுவ ஒரு குழாயும் சின்னத் தொட்டியும் கட்டித் தரக் கமிட்டி ஒப்புக்கொண்டது. அந்தக் குழாய்ச் செலவுக்கு ஒப்புதல் வாங்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. குழாய் வந்தபின் எதிர்ப்பு பெருமளவு தணிந்தது. வேலைக்கு வரும் பெண்களுக்கு ஈர வாளியோடு மறுபடி மாடி ஏற வேண்டியதில்லை, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. மக்கும் பை என்று அச்சிட்டு, பச்சை இலை படம் போட்டு ஆன்லைனில் விற்கும் பையை ஒருவர் வாங்கிவந்து இதிலாவது கட்டலாமா என்று கேட்டார். அப்படி விற்கும் பைகள் சிலவற்றில் பெயர் மட்டுமே உண்டு. தரச்சான்று பெற்ற பைகளும் பெரும்பாலும் பெரிய ஆலைகளில், தொடர்ந்து அதிக வெப்பத்தில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. நம் வளாகத் தொட்டிக்கு ஒத்துவராது. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் ஒன்றை உரத்தொட்டியில் போட்டு வைத்தோம். பிறகு தொட்டியைக் காலி செய்தபோது சுருங்கிய துண்டுகளாகக் கிடந்தது. எடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள்.

மூன்றாவது, வேலைக்கு வரும் பெண்களுக்கான வகுப்பு. வகுப்பு என்பதே பெரிய வார்த்தை. பதினோரு மணிக்கு வேப்பமரத்தடியில் டீயும் பஜ்ஜியும் வைத்துக் கூப்பிட்டோம். படம், போஸ்டர் எதுவும் இல்லை. தார்ப்பாயில் கிடைத்த அதே பொருட்களைக் கழுவிக்கொண்டுவந்து நடுவில் வைத்து, இது எதில் போகும் என்று கேட்டோம். பால் கவரைப் பற்றி அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கழுவிக் காயவைத்தால் கிலோவுக்கு என்ன விலை, எந்தக் காயலான் கடையில் எடை சரியாக நிற்கும் என்பது வரை. மூலையை முழுவதும் வெட்டி எறியாமல், ஓரத்தில் ஒட்டியபடி கீறிவிட்டால் துணுக்கு விழாது என்று செய்து காட்டியதும் அவர்களில் ஒருவர்தான். இரண்டு நாளில் அது எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. “எங்க அக்கா இப்படித்தான் வெட்டணும்னு சொல்லிட்டாங்க” என்று வீட்டுக்கார அம்மாவே குழுவில் எழுதினார். அவர் அக்கா என்று சொன்னது வேலைக்கு வருபவரை.

நான்காவது, பணம். மக்காத குப்பையில் விலைபோகும் பேப்பர், பால் கவர், கெட்டிப் பிளாஸ்டிக், இரும்பு எல்லாவற்றையும் விற்று வரும் தொகை முழுவதும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்கு. அசோசியேஷன் நிதியில் சேர்க்க வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் ஆளுக்குச் சில ரூபாய் குறையும், அவ்வளவுதான். ஊழியருக்கோ அது மாதச் சம்பளத்தோடு கண்ணில் தெரியும் தொகை. அசுத்தமான டப்பா வந்தால் விலை போகாது என்பதால், சுத்தமாக வாங்குவதில் அவர்களுக்கே அக்கறை வந்தது.

அபராதம் விதிக்கலாமா என்று நெடுநேரம் பேசிவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பதில், கலந்து வந்த வாளியை வாங்காமல் வாசலிலேயே விட்டுவிடுவது. கேட்க எளிது. ஆனால் ஒரு ஹவுஸ்கீப்பிங் பெண் ஒரு வீட்டுக்காரரைப் பார்த்து “இதை எடுக்க மாட்டேன்” என்று சொல்ல முடியுமா? முதல் சில வாரங்கள் கமிட்டி உறுப்பினர் ஒருவர் கூடவே நடந்தார். ஒருநாள் ஒருவர் அந்த அம்மாவிடம் கத்தியபோது, “அவங்க நாங்க சொன்னதைத்தான் செய்றாங்க சார், பேச வேண்டியது எங்ககிட்ட” என்று செகரட்டரி சொல்லிவிட்டு வாளியை அங்கேயே வைத்தார். இந்தத் துணை இல்லாமல் அந்த விதியைக் கொண்டுவந்திருந்தால் அது ஊழியர் தலையில்தான் விடிந்திருக்கும்.

வண்டிக்காரர் கலக்கும் பிரச்சினைக்குத் தனி வழி தேவைப்படவில்லை. மக்கும் குப்பை இனி வளாகத்துக்குள்ளேயே உரமாகும், மக்காததை வேறொருவர் வாங்கிப் போவார். கலப்பதற்கு வண்டிக்காரர் கையில் ஒன்றும் இல்லை. எவ்வளவு உள்ளே நின்றது, எவ்வளவு வெளியே போனது என்று எடைச் சீட்டை மாதா மாதம் பலகையில் ஒட்டினார்கள். வீடியோ எடுத்துப் போட்டவர்தான் முதல் ஆளாக வந்து படிப்பார்.

ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடிக்குக் காலியான டிடர்ஜென்ட் பாட்டில்: கெட்டியானது, மூடி திருகுவது. நிரம்பியதும் மூடி, சிவப்பில் எழுதித் தர வேண்டும். பேட்டரி, டியூப்லைட், காலாவதி மாத்திரைக்கு செக்யூரிட்டி அறையில் ஒரு பெட்டி. பழைய வகை டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருப்பதால் உடையாமல் வர வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னோம்.

உரத்தொட்டி நாறிய கதை

மே மாதம் காற்றுப் போக ஓட்டைகள் வைத்த தொட்டிகளில் உரமாக்கல் தொடங்கியது. ஆரம்பத்துக்குப் புளித்த மோர், கொஞ்சம் பழைய சாணம். மூன்றாவது வாரம் நாற்றம் எழுந்தது. தரைத்தள வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு செகரட்டரி வீட்டு வாசலில் நின்றார்கள். யாரோ புழு நெளியும் வீடியோவைக் குழுவில் போட, திட்டத்தை நிறுத்தச் சொல்லி இருபதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கையை விட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாக இருந்தது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். இங்கே கை வழியாக ஒழுகியது. மிச்ச ரசம், சாம்பார், புளித்த மாவு எல்லாம் வாளியோடு வந்து விழுந்திருந்தன. ஈரம் அதிகமானால் இடைவெளிகளில் காற்று நிற்காது, காற்றில்லாத இடத்தில் அழுகும், அழுகினால் நாறும். அதோடு சமையலறைக் குப்பையில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், கரிமச்சத்து (கார்பன்) குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 25 முதல் 30 பங்கு கரிமச்சத்து இருந்தால்தான் சூடேறி ஒழுங்காக மக்கும். அந்தக் கரிமச்சத்து காய்ந்த இலையிலும் தென்னைநார்க் கழிவிலும் இருக்கிறது. வளாகத்தில் வேம்பும் வாதாம் மரமும் நிறைய. அந்த இலைகளைப் பெருக்கி மூட்டை கட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்!

இலை மூட்டைகள் உரத்தொட்டிப் பக்கம் வந்தன. ஒவ்வொரு நாளும் குப்பை மேல் ஓர் அடுக்கு இலை, வாரம் இருமுறை கிளறல். வீடுகளுக்கு ஒரே ஒரு புது விதி: குழம்பு, ரசத்தை வடிகட்டிச் சக்கையை மட்டும் வாளியில் போடுங்கள். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. காலையில் கிளறும்போது ஆவி பறக்கும், நடுவில் கைவைக்க முடியாத சூடு. அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். குப்பையைத் தின்று வேகமாகக் குறைப்பவை, கெடுதல் செய்யாதவை. அதை விளக்கிப் பயனில்லை, மேலே இலை மூடினால் கண்ணுக்குத் தெரியாது, அது போதும் என்று ஹவுஸ்கீப்பிங் அம்மா சொன்னார். சரியாகத்தான் சொன்னார். மனுவை யாரும் திரும்பப் பெறவில்லை, ஆனால் மறுபடி எடுக்கவும் இல்லை.

சிரட்டை, மாங்கொட்டை, எலும்பு மூன்றும் இந்தத் தொட்டியில் மக்க நெடுநாள் ஆகும். சிரட்டையை இஸ்திரிக்காரர் வாங்கிக்கொண்டார். மாம்பழக் காலத்தில் கொட்டைகள் மட்டும் ஒரு சாக்கு சேர்ந்தது.

புயல்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வளாகத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. உரத்தொட்டிகள் மூழ்கின. பாதி மக்கிய உரம் கரைந்து போனது. சேர்த்து வைத்த இலை மூட்டைகள் ஊறிப்போயின. சில நாட்களுக்கு மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, ஊழியர்களின் வீடுகளே தண்ணீரில். குப்பை மறுபடி கவரில் கட்டி மாடிப்படியில் சேர்ந்தது. ஊறிப்போன மெத்தையும் புத்தகமும் தனி மலை.

தண்ணீர் வடிந்தபின் உடனே பழைய ஒழுங்குக்குத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. இரண்டு வாரம் எல்லாவற்றையும் கலந்தே வெளியே அனுப்பினார்கள். மக்கள் களைத்திருக்கும்போது விதியைப் பிடித்துத் தொங்கினால் விதிமேல்தான் வெறுப்பு வரும். இது எனக்குச் சரியான முடிவாகவே பட்டது. வாளிகள் திரும்பியபோது ஏறத்தாழ எல்லா வீடுகளும் தாமாகவே திரும்பின.

விளைவு

2024 ஏப்ரலில் மறுபடி ஒரு வாரம் நிறுத்தார்கள். கிட்டத்தட்ட அதே 130 கிலோதான் உருவாகிறது. அதில் சுமார் 75 கிலோ உரத்தொட்டிக்கும், 30 கிலோவுக்குச் சற்று மேல் மக்காத பொருள் வாங்குபவருக்கும் போகிறது. மிச்சம் 20 கிலோ அளவில் மட்டுமே குப்பையாக வெளியேறுகிறது. உரத்தில் ஒரு பகுதி வளாகத்துச் செடிகளுக்கும் தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கும் போகிறது.

பத்து வீடுகள் வரை இன்னும் வழிக்கு வரவில்லை. அவற்றில் பாதி, தினமும் வெளிச்சாப்பாடு வரவழைக்கும் வீடுகள். டப்பாவைக் கழுவச் சொன்னால் கழுவ மாட்டார்கள், அங்கே சோப்பே இருப்பதில்லை. அவர்களுக்காகத் தரைத்தளக் குழாயடியில் சோப்பு வைத்ததில் கொஞ்சம் முன்னேற்றம். பிஸ்கட், சிப்ஸ் உறைகளைக் காயலான் கடைக்காரர் யாரும் வாங்குவதில்லை. பல அடுக்கு ஒட்டிய அந்த உறைகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாது. சுத்தமாகத் தனியே சேர்த்தால் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. பொருள் வாங்குபவர் அப்படித்தான் அனுப்புகிறார்.

மறுபடி செய்தால்

வரிசையை மாற்ற வேண்டும். வேப்பமரத்தடிக் கூட்டம்தான் முதலில், தொட்டி வாங்குவது கடைசியில். பிப்ரவரியில் வாங்கிய வண்ணத் தொட்டிகளில் பாதி இப்போது இலை சேர்க்கத்தான் பயன்படுகிறது. குழாய்கள் வாளி விதிக்கு முன்பே வந்திருந்தால் ஒரு மாதச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

உரத்தொட்டிகளை மேடை கட்டி அதன்மேல் வைத்திருக்க வேண்டும். புயலுக்குப் பின் இரண்டடி மேடையும் தகரக் கூரையும் போட்டார்கள். இலையை ஜனவரி முதல் மார்ச் வரை, உதிரும் காலத்திலேயே கூரைக்குக் கீழே சேர்த்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டுப்பாடு வராது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் வாடகை வீடுகள் மாறும். புது ஆட்களுக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது வீட்டுச் சாவியோடு ஒரு மூடி வாளியும் ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டும் அசோசியேஷனே தருகிறது. வேலைக்கு வரும் பெண் மாறினாலும் அதே சீட்டுதான்.

தீராமல் நிற்பது டயபர். வெளியேறும் அந்த 20 கிலோவில் பெரும்பங்கு அதுதான், குழந்தைகளுடையதும் படுக்கையில் இருக்கும் பெரியவர்களுடையதும். துணி டயபர் வைக்கச் சொல்லிப் பேசிப் பார்த்தார்கள், மூன்று வீடுகள் மாறின, ஒன்று திரும்பிவிட்டது. உரத்தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஊருக்குப் போன வாரத்தில் கிளற ஆளில்லாமல் மறுபடி நாற்றம் எழுந்ததால், செக்யூரிட்டி ஒருவருக்கும் தோட்டக்காரருக்கும் அவரே பழக்கிவிட்டிருக்கிறார். அதற்கு மாதம் ஒரு கூடுதல் தொகை அவருக்கு வர வேண்டும் என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது.